சிவலிங்கத்துக்கு அரைப்பேர்

1. சாத்திரியார்

இந்தப் பையன் பேராதனை யுனிவர்சிட்டிக்குப் போவானா மாட்டானா என்று சொல்வது, ஹட்டனில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் என் பொறுப்பாக இருந்தது. யாரும் நியமிக்கவில்லை. முதல் இரண்டு வருடமும் நான் சொன்னது பலித்துவிட்டது, அவ்வளவுதான். அதிலிருந்து ஸ்டாஃப் ரூமில் எனக்குச் சாத்திரியார், அதாவது சோசியர், என்று பெயர். எச்.எஸ்.சி. வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மார் வந்தால் பிரின்சிபல் நேரே என்னிடம் அனுப்பிவிடுவார்.

மார்க்கைப் பார்த்து யாரும் சொல்லிவிடலாம். நான் பார்ப்பது, தெரியாத கேள்வி வந்தால் பையன் என்ன செய்கிறான் என்பதை. சிலர் தெரிந்ததையெல்லாம் கொட்டுவார்கள். சிலர் பக்கத்தை வெறுமையாக விடுவார்கள். தெரிந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தெரியாததை நோக்கி நடக்கிறவன் எவனோ, அவன் போவான். இளம் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். இதை நான் துணிச்சலாகச் சொல்கிறேன். இனி வருவதெல்லாம் நான் நடுங்கிய கதை.

ஐம்பதுகளின் கடைசியில் என் வகுப்பில் சிவலிங்கம் என்று ஒருவன் இருந்தான். கொத்மலைப் பக்கத்துத் தோட்டம். தகப்பனார் கருப்பையா அங்கே கங்காணி. பையன் எழுதுவதில் கெட்டிக்காரன். பேசத்தான் மாட்டான். அந்தக் காலத்தில் எழுத்துப் பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது, வைவாவுக்குக் கூப்பிடுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். வகுப்பில் நான் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் சிவலிங்கம் தன் கால் பெருவிரலைப் பார்ப்பான். விரலிடமிருந்தும் பதில் வராது.

2. பாராட்டி வைத்த சொல்

ஒரு சனிக்கிழமை கருப்பையா கங்காணி வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பையன் யுனிவர்சிட்டி போவானா என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பூகோளம், சரித்திரம், தமிழ் எல்லாம் பலம் என்றேன். வைவாதான் இழுக்கிறது என்றேன். கடைசியில், அரைக்கு அரை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் எழுந்து நின்றார்.

"அப்ப அரைப்பேருங்கிறீங்க, மாஸ்டர்."

தோட்டத்து ஆள் சாத்தியக்கூறு என்ற விஷயத்தை எவ்வளவு அழகாகப் பிடித்துவிட்டார் என்று எனக்கு மனம் பூரித்துப்போயிற்று. "ஆமாங்க கங்காணி, இப்பத்திக்கு அரைப்பேருதான்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், அரைப்பேர் என்ற சொல்லை எல்லாரிடமும் பாராட்டி வைத்தேன்.

நான் கினிகத்தேனையில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. சாமான் வாங்க வருகிற தோட்டத்துப் பெண்கள் அந்தச் சொல்லைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏதோ பாதி நாள் வேலை என்று நினைத்திருந்தேன்.

3. கொத்மலையில் எனக்கு ஓர் அத்தை

திங்களன்று சிவலிங்கம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அதே தோட்டத்துப் பையன் ஒருவனைக் கேட்டேன். "அவன் தோட்டத்துல கணக்கப்பிள்ளை ஆயிட்டான் சார். நேத்து காலையில பெரட்டுல, ஆளுங்கள வேலைக்குப் பிரிக்கையில, அவன்தான் பேர் கூப்புட்டான்" என்றான்.

சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேனாவைச் சாக்கட்டிப் பெட்டியில் வைத்தேன். பிள்ளைகளைச் சரித்திரப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, அதில் மழைவீழ்ச்சிப் படம் வரையச் சொன்னேன். பிரின்சிபலிடம் ஓடி, கொத்மலையில் அத்தைக்குச் சுகமில்லை, லீவு வேண்டும் என்றேன். அத்தையின் பெயர் என்ன என்று அவர் சும்மாதான் கேட்டார்.

"சிவலிங்கம்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அத்தைய நல்லாப் பாத்துக்கங்க. முடிஞ்சா வகுப்புக்கு அழைச்சிட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏற வேண்டும். மழை. நான் டவுன் சப்பாத்தோடு போயிருந்தேன். ஒரு முடக்குக்கு ஓர் அட்டை வீதம் காலில் ஏறிற்று. கங்காணியிடம் பேச வேண்டியதை வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினேன். எதிரே வந்த ஒரு பெண் ஓரமாக ஒதுங்கி நின்று, நான் போன பிறகுதான் நடந்தாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் சிவலிங்கம். யாருடையதோ ஒரு கோட்டு முழங்கால் வரை தொங்கியது. கங்காணியைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் ஞாபகத்தில் இல்லை. என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நீங்கதான சொன்னீங்க மாஸ்டர், அரைப்பேருன்னு."

"பாதி சான்ஸ் இருக்குன்னுதானே சொன்னேன்?"

அவர் தராசைக் காட்டினார். அப்போதுதான் ஒரு பெண்ணின் கொழுந்தை நிறுத்திருந்தார்கள். எடை குறைவு. கிளாக்கர் அரைப்பேர் என்றார்: நாள் முழுக்க நின்றதற்கு அரைநாள் சம்பளம். அவள் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? விடியக்காலையில இருந்து மழையில நின்ன புள்ள. நிறுத்தாச்சு, கொறஞ்சிருச்சு, அரைப்பேரு போட்டாச்சு. இதுக்குப் பொறவு என்னா சான்ஸு? எம் மவனையும் நீங்க நிறுத்துப் பாத்துட்டீங்கன்னுதான் நெனச்சேன். கொறையிற புள்ளய அங்க விட்டுவச்சு என்னா செய்ய? தொரை கணக்கப்பிள்ளை வேல தாரேன்னாரு. திங்கக்கெழமைக்குள்ள பதிலு கேட்டாரு."

இந்த வேலை விஷயத்தை அவர் சனிக்கிழமை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அவன இன்னும் நிறுக்கவே இல்லீங்க கங்காணி. அவன் இப்பத்தான் கொழுந்து எடுத்துக்கிட்டிருக்கான்" என்றேன்.

"அப்ப நெறையுமா நெறையாதா? ஒண்ணச் சொல்லுங்க. தொரைக்கிட்ட வேல வேணாம்னு போயி நிக்கப்போறது நாந்தான்."

போவான் என்று சொல்லி அவன் வைவாவில் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றால்? இந்த வேலை இன்னொரு தடவை வராது. போகமாட்டான் என்றால் அவன் இந்தக் கோட்டுக்குள்ளேயே வளர்ந்துவிடுவான்.

அந்த நேரத்தில் மடுவத்தில் இங்கிலீஷ் சத்தம் கேட்டது. தொரைக்கு அடுத்தவரான சின்னத்தொரை வந்திருந்தார். சிவலிங்கம் அவரிடம், அந்தப் பெண்ணுக்கு அரைப்பேர் போட்டது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் நின்ற மலையில் இன்றைக்கு யார் எடுத்தாலும் முழு எடை வராதாம். அது உனக்கு எப்படித் தெரியும் என்றார் சின்னத்தொரை.

தெரியாது என்றான் சிவலிங்கம். அந்த மலையில் தான் நின்றதில்லை. ஆனால் பக்கத்து மலை தெரியும். அதுவும் இதே சரிவு, இதே காற்று, கவாத்து வெட்டியதும் ஒரே காலம். அங்கே நின்ற கெட்டிக்காரப் பெண்களே இன்று குறைவாகத்தான் கொண்டுவந்தார்கள். ஆகவே இங்கேயும் அப்படித்தான் இருக்கும். சொல்லி முடிக்கும் வரை சின்னத்தொரையின் முகத்தைத்தான் பார்த்தான். இலக்கணம் இரண்டு இடத்தில் வழுக்கியது. அவன் நிற்கவில்லை.

சின்னத்தொரை தராசைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், முழுப்பேர் போடச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கங்காணி, உன் மகன் ரொம்பப் பேசுறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கங்காணி குனிந்து, ஆமாங்க தொரை என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இந்த வாய வச்சிக்கிட்டு இங்க ஒரு மாசம் தாங்கமாட்டான். நீங்க உங்க பதிலச் சொல்லுங்க."

"போவான். அனுப்புங்க" என்றேன்.

இரண்டே சொல். முதல் தடவையாக அரைக்கு அரை, ஆனால், இருந்தாலும் என்று எதுவும் சேர்க்கவில்லை. மறுநாள் சிவலிங்கம் வகுப்பில் இருந்தான்.

4. வைவா

அவன் ஏன் வகுப்பில் வாய் திறக்கவில்லை என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். நான் கேட்டதெல்லாம் எனக்கு விடை தெரிந்த கேள்விகள். தெரிந்துகொண்டே கேட்கிற ஆளுக்கு என்ன பதில் சொல்வது? ஆகவே எனக்குத் தெரியாததை மட்டும் அவனிடம் கேட்க ஆரம்பித்தேன். அதற்குப் பஞ்சமே இல்லை. வருடம் முடிவதற்குள் அவன் எனக்கு நிறையப் படிப்பித்துவிட்டான்.

எழுத்துப் பரீட்சையில் தேறினான். வைவாவுக்குப் பேராதனைக்கு நானே அவனை அழைத்துப் போனேன். அவன் உள்ளே போனதும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மகாவலி ஆற்றுப் பக்கமாக நடந்து போய், திரும்ப வழி தெரியாமல் ஒரு தோட்டக்காரரிடம் சிங்களத்தில் கேட்டு வந்து சேர்ந்தேன். சிவலிங்கம் வாசலில் எனக்காகக் காத்திருந்தான்.

"எப்படிடா?"

"அவங்களுக்குத் தெரியாததா கேட்டாங்க சார். பேச லேசா இருந்துச்சு."

எடுபட்டவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. அவன் பெயரும் இருந்தது.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று தகப்பனோ தாயோ கேட்டால், உடனே சொல்லாதீர்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். உங்களுக்கு அது கணிப்பு. அவர்களுக்கு அது பிள்ளையை எழுப்பி எந்தப் பக்கம் அனுப்புவது என்ற கட்டளை.

அடுத்த வருடம் கருப்பையா கங்காணி மறுபடியும் வந்தார். இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருடைய இளைய மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் இருந்தாள். அவளுக்கு எப்படி மாஸ்டர் என்றார். நான் பாடம் படித்தவன் ஆயிற்றே. நான் சொல்வதை வைத்து நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க என்னா சொன்னாலும் நாளைக்கு அவ பள்ளிக்கூடம் வருவா" என்றார் கங்காணி. "சும்மா கேட்டுப் பாத்தேன்."

தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார்.