வடக்குக் கானாவில் அவள் பாடினாள்

ஞாயிறு ஆராதனையில் பாட்டு தொடங்கும்போது என் மனைவி பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொள்வாள். உதடு அசையும், சத்தம் வராது. பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் அது தெரியும். அந்த நேரத்தில் என் மனம் மலேசியாவில், எங்கள் ஜொகூர் பாருவில் இருப்பதில்லை. கானாவின் வடக்கே, செம்மண் வெளியில் நிற்கும் ஒரு சிறிய கோயிலுக்குப் போய்விடும்.

அவள் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் இருந்தவள். அவள் குரலுக்காகத்தான் நான் அந்தச் சபைக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தேன். கல்யாணம் பிறகு நடந்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவளுக்குத் தைராய்டு கட்டி வந்து, கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கட்டி போனது. குரலும் தாழ்ந்து கரகரத்துப்போனது. மேலே எடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது. இனி இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிறு பாடிப் பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பரவாயில்லக்கா, ஆண்டவர் பழைய குரல திருப்பிக் கொடுப்பாரு." எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அன்றோடு அவள் பாடுவதை நிறுத்தினாள். வீட்டில், சமையல் நேரத்தில்கூட ஒரு முனகல் இல்லை.

சபையிலிருந்து சிலர் மிஷன் பயணமாகக் கானாவுக்குப் புறப்பட்டபோது, அங்குள்ள கிராமத்துக் கோயிலுக்கு சோலார் விளக்கு போட ஆள் தேவைப்பட்டது. நான் கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிஷியன். லீவு கிடைத்தது. அவளையும் கூப்பிட்டேன்.

"நான் அங்க வந்து என்னா செய்யப் போறேன்?"

"ஏணியப் பிடிச்சுக்க, போதும்."

சிரித்தாள். வந்தாள்.

சிங்கப்பூர் சாங்கியில் விமானம் ஏறி, இரண்டு இடங்களில் மாறி, கடைசியில் வேனில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். காற்றெல்லாம் தூசி. சூரியன் வெளிறிப்போய்த் தெரிந்தது. கோயிலுக்கு மண் சுவர், தகரக் கூரை. வாசலில் ஒரு பெரிய மரம். அவள் இறங்கியதும் நேராக அதனிடம் போய் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். "இங்க பாருங்க, வேப்பமரம்!" என்று கத்தினாள். சிறுதானிய மாவில் கிண்டிய களியும் வெண்டைக்காய்க் குழம்பும் வந்தன. எங்களுக்காக எங்கிருந்தோ கரண்டிகள் தேடி எடுத்து வந்திருந்தார்கள். நாங்கள் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து அந்தப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் நான் கூரைக்கடியில் ஏணிமேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மரத்தடியில் பெண்கள் மறுநாள் பாட்டுக்குப் பயிற்சி செய்தார்கள். ஒருத்தி மேலே எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் கீழே தாங்கிப் பிடிப்பார்கள். எடுத்துக் கொடுத்தவளுக்கு என் மனைவியின் வயதுதான் இருக்கும். பேரப்பிள்ளையை முதுகில் கட்டியிருந்தாள். ஜன்னல் ஓட்டை வழியே பார்த்தேன். அவள் பாடிக்கொண்டே வந்து, ஓரமாக உட்கார்ந்திருந்த என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து, இரண்டாவது வரிசையில் நிறுத்தினாள். என் மனைவி தன் கழுத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை, அல்லது அவள் பொருட்படுத்தவில்லை. பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் தனியாகக் காதில் விழுந்தது. மற்றவர்களுக்கு அரை நொடி பின்னால், தெரியாத மொழியின் சொற்களைத் தடவித் தடவி, ஆழத்தில் போய்க்கொண்டிருந்தது. கரகரப்பான குரல். ஆனால் அங்கே எல்லாருடைய குரலும் கரகரப்புத்தான். தூசியும் புகையும் வெயிலும் பட்ட குரல்கள். அவளுடையது அவற்றோடு ஒட்டிக்கொண்டது. நான் ஏணியை விட்டு இறங்கவில்லை. என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். கையில் வயரைப் பிடித்தபடியே நின்றேன். கண்ணைத் துடைக்க முடியவில்லை.

மறுநாள் ஆராதனையில் அவர்களோடு நின்று பாடினாள். காணிக்கை நேரத்தில் அவர்களோடு ஆடிக்கொண்டே முன்னால் போனாள். முடிந்ததும் அந்த ஊர்ப் போதகர் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "இவரை இங்கே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அனுப்பிவைப்பார்களாம்." எல்லாரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்காமல் அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் எங்கள் பாடகர் குழுத் தலைவர் விஷயம் கேள்விப்பட்டு அவளைக் கூப்பிட்டார். மறுத்துவிட்டாள். காரில் வரும்போது காரணம் கேட்டேன்.

"இங்க எல்லாருக்கும் என் பழைய குரல் தெரியும்லா. நான் பாடுனா அதத்தான் தேடுவாங்க. அங்க யாரும் எதையும் தேடல."

"நானும் தேடுறேனா?"

"நீங்களும்தான்," என்றாள், கோபமில்லாமல்.

அடுத்த வருடம் மறுபடி போவதாக இருந்தோம். அந்தப் பக்கத்தில் கலவரம் என்று சபை பயணத்தை நிறுத்திவிட்டது. பிறகு போன குழு வேறு நாட்டுக்குப் போனது. அந்த ஊர்ப் போதகர் மட்டும் அவ்வப்போது அந்தப் பெண்கள் பாடுவதை வாட்ஸ்அப்பில் பதிவு செய்து அனுப்புவார்.

போன மாதம் மூவாரில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, நெடுஞ்சாலையில் ஒரு பதிவு வந்தது. அவள் போட்டுக் கேட்டாள். இரண்டாவது வரிசைப் பெண்களின் குரல் எழுந்தபோது மெதுவாக, கீழே, அவளும் சேர்ந்துகொண்டாள். நான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதிவு முடிந்தது.

"என் எடத்துல இப்ப வேற யாராச்சும் நிக்கிறாங்களா, தெரியல," என்றாள்.

"போதகர்கிட்ட கேப்போமா?"

"வேணாம். கேக்காதீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே செம்பனைத் தோட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. சிறிது நேரத்தில் அதே பதிவை முதலிலிருந்து மறுபடியும் போட்டாள்.