பொட்டு வைத்த ரீல் சீட்

கன்னியப்பன் போய்விட்டான் என்ற செய்தி, மணவாள நகர் பால் கடையில் நின்றிருந்தபோது என் கைப்பேசிக்கு வந்தது. மாலை போட்ட படம், கீழே கொட்டை எழுத்தில் ‘கைராசி மாஸ்டர்’. படத்தைப் பார்த்ததும் பால் வாங்காமலே திரும்பி நடந்தேன். எழுத்தைப் பார்த்து ஆத்திரம் வந்தது. கைராசியாம்! அவன் கட்டிய தூண்டில் கழியை வாங்கி ஏமாந்தவர்களேதான் அந்தப் படத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். செத்தவனைக் குறை சொல்லக் கூடாதாம். அவனை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். அந்த நாகரிகமெல்லாம் எனக்கு வராது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஃபைபர் குழாய் செய்யும் கம்பெனியில் நாங்கள் ஒரே ஷிஃப்ட். நான் பசை கலக்கும் பிரிவு, அவன் பேக்கிங். ஞாயிற்றுக்கிழமைகளில், பழவேற்காட்டுக்கு மீன் பிடிக்கப் போகும் சூப்பர்வைசர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து தூண்டில் ராடு கட்டித் தருவான். நூல் கட்டு வழவழவென்று இருக்கும், தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். கோளாறு ஓரிடத்தில்தான். ரீலைப் பூட்டுகிற குழாய் போன்ற பிடிக்கு ரீல் சீட் என்று பெயர். அதைக் கழியில் நுழைத்து எபாக்ஸிப் பசையால் ஒட்ட வேண்டும். கழியை உப்புத்தாளால் தேய்ப்பான், இடைவெளியை அடைக்க டேப் வளையம் சுற்றுவான், ஸ்பிரிட்டால் துடைப்பான். அதுவரை சரி. பிறகு, பசை பிடிக்க வேண்டிய அதே இடத்தில், எண்ணெயில் குழைத்த குங்குமத்தைச் சுற்றிலும் பொட்டுப் பொட்டாக அப்புவான். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, அதன் மேலேயே பசையைப் பூசிச் சீட்டை இறக்குவான். எண்ணெய் மேல் எபாக்ஸி பிடிக்காது என்பது பசை வாளியைத் தூக்கிய யாருக்கும் தெரியும்.

முதல் தடவை பார்த்தபோதே கத்தினேன். “யோவ், அறிவு இருக்கா உனக்கு? எண்ணெய வெச்சா எப்படிய்யா புடிக்கும்? வெளிய வெச்சுத் தொலையேன்.”

“வெளிய வெச்சா தண்ணியில கரைஞ்சிடும் நைனா. உள்ள இருந்தாதான் சாமி தங்கும். கம்பெனில நீ ஒட்டு. இது என் ஊடு.”

அப்புறம் ஒருநாள் முகத்துவாரத்தில், எங்கள் சூப்பர்வைசரின் தூண்டிலில் பெரிய கொடுவா மீன் மாட்டியது. நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றிருந்தோம். அவர் சுற்றச் சுற்ற, சீட் கழியிலேயே வழுக்கித் திரும்பி, ரீல் பக்கவாட்டில் போய்விட்டது. அவர் தடுமாறிய நேரத்தில் நரம்பு தளர்ந்து மீன் கழன்று போனது. வெட்கப்பட வேண்டியவன் என்ன சொன்னான் தெரியுமா? “மீனு அவ்ளோ பெருசு சார். சீட்டு இன்னா பண்ணும்?” அந்த மகானும் தலையாட்டி, அவனிடமே இன்னொரு ராடுக்குச் சொன்னார். இப்போது ‘கைராசி’ என்று எழுதியதும் அவர்தான்.

எல்லாம் தெரிந்தும் நானும் அவனிடமே கட்டச் சொன்னேன். நூல் கட்டு அவனைப் போல் வேறு யாருக்கும் வராது, அதற்காக. “உள்ள பொட்டு கிட்டு வெச்ச, இங்கயே ஒடச்சுப் போட்டுட்டுப் போவேன்” என்று அவன் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினேன். ராடு வந்தது. வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் அடிபட்டும் அதன் சீட் மயிரிழை அசையவில்லை. “பொட்டு வெக்கலதானே?” என்று எப்போது கேட்டாலும், “ரீலு நிக்குதா இல்லியா? சும்மா பேஜாரு பண்ணிக்கினு” என்பான். ஒப்புக்கொள்ள மானம் தடுக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்த மரமண்டையில் ஒரு விஷயத்தையாவது ஏற்றியவன் நான் என்று கேன்டீனில் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

காரியத்தன்று அவன் மனைவி சரோஜா எனக்கு இலை போட்டுவிட்டுச் சொன்னாள்: “ரிப்பேருன்னு திரும்பி வராதது உங்க ராடு ஒண்ணுதாண்ணா.”

“எப்படிம்மா வரும்? நான் கத்துன கத்துல பொட்டு வெக்காம ஒட்டுனான். உன்கிட்டயாவது ஒத்துக்கினானா?” அவன் வாயால் கிடைக்காதது அவள் வாயாலாவது கிடைக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். “நீங்க கத்துறத அவரு என்னிக்குண்ணா காதுல வாங்கினாரு? உங்க ராடுக்கும் குங்குமத்தக் கொழச்சுக்கினுதான் ஒக்காந்தாரு. அப்பால, ‘அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், அவன் கையில நம்ம சாமியத் திணிக்கக் கூடாது’ன்னு விரல வேட்டியில தொடச்சிட்டாரு. உங்க சாமிக்கு இன்னா வெக்கணும்னு அவருக்குத் தெரியல. கொஞ்ச நேரம் சும்மா கண்ண மூடிக்கினு இருந்துட்டு ஒட்டுனாரு.”

எபாக்ஸியைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவன் மண்டையில் ஏறியிருக்கவில்லை. முட்டாளாகவே இருந்தான், முட்டாளாகவே போய்ச் சேர்ந்தான். சோற்றில் கை வைத்தபடி, பந்தியில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

கைராசி மாஸ்டர் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கன்னியப்பனுக்கு ரீல் சீட் ஒட்டத் தெரியாது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அந்த ராடு என் வீட்டில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.