மச்சாளுக்குக் காட்டாத மீன்கறி

மத்தியானம் சமைத்ததைப் படமெடுத்து முகநூலில் போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் ஒழுங்கையில் மீனுக்குக் குறைவில்லை, படத்துக்கும் குறைவில்லை. இதில் என்ன பெருமை என்று கணவர் கேட்பார். பெருமைதான். இல்லையென்று நான் எப்போது சொன்னேன்?

படத்துக்குக் கீழே முதலில் வந்து நிற்பவள் கட்டைபறிச்சானில் இருக்கும் என் மச்சாள். மாமா மகள், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். "குழம்புக்குள்ள மீனைத் தேட டோர்ச் வேணும்" என்று எழுதுவாள். மச்சாள் என்றால் நக்கலடிக்க உரிமை உண்டுதான். ஆனால் லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தமெல்லாம் அதற்குச் சிரித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாமல் வந்து புத்தி சொல்லும் ஆட்களைத் தடுத்த கையோடு, என் படங்கள் மச்சாளுக்கும் தெரியாதபடி செய்துவிட்டேன்.

முதல் இரண்டு நாளும் சொர்க்கம். தெரியாதவர்களின் தொல்லை ஒழிந்தது உண்மையிலேயே சுகமாக இருந்தது. "அருமை", "சூப்பர்" என்று மட்டும் வந்தன. பிறகு அதுவே உப்புச்சப்பில்லாமல் போயிற்று. படம் போட்டுவிட்டு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையென்று தெரியும். வீம்பு விடவில்லை.

அந்தக் கிழமைக் கடைசியில் மச்சாள் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் தோடம்பழப் பை, மறு கையில் சுடுதண்ணிப் போத்தல். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில கிடக்கிறியோ எண்டு அங்க போய்க் கட்டில் கட்டிலாத் தேடிப்போட்டு வாறன். ஒரு கிழமையா உன்ர மீனைக் காணேல்ல."

"போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நல்லா இருக்கிறன் எண்டுதானே சொல்லுவாய். படம் போட ஏலாத அளவுக்கு என்ன வருத்தமோ எண்டு மல்லித்தண்ணி அவிச்சுக்கொண்டு வந்தனான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்திச் சோறு போட்டேன். குசினிக்குள் போய், அப்பளம் பொரிக்கிற சாட்டில் போனை எடுத்து அவளுக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். இனிச் சரி என்று நினைத்தேன். மறைத்து வைத்த படங்களும் சேர்ந்து வெளியே வரும் என்பது மூளையில் ஏறவில்லை.

அப்பளத்தோடு வெளியே வந்தபோது மச்சாள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறுகையால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாரைக் குழம்பு, இறால் பொரியல், கணவாய்க் கறி என்று அந்தக் கிழமை முழுவதும் அவள் முன்னால் வரிசையாக வந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன். அவள் ஒற்றை விரலால் ஏதோ எழுதினாள்.

குசினிக்குள் என் போன் சத்தம் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கணவாய்க் கறிக்குக் கீழே, ஊருலகம் பார்க்க, எழுதியிருந்தாள்: "நோயாளி நல்லாத்தான் திண்டிருக்கிறா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லண்டன் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அங்க நிண்டு என்ன செய்யிறாய்?" என்று மச்சாள் கூப்பிட்டாள். "மல்லித்தண்ணியை ஆறமுந்திக் குடி. மினக்கெட்டு அவிச்சது."

குடித்தேன். துளி விடாமல்.