பென்சிலால் எழுதிய நான்காவது பெயர்

"அப்பா போயிட்டாரு, சித்தி" என்று ஓமந்தையிலிருந்து இராமையா அவர்களின் மகள் தொலைபேசியில் சொன்னபோது, அந்தச் "சித்தி"தான் முதலில் என் காதில் விழுந்தது. அப்படிக் கூப்பிட நான் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டவளும் அவள்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் கணவரின் முப்பத்தோராம் நாளுக்கும் இப்படி ஒரு மலர் அடித்தோம். அதில் வந்த வம்சாவளியை நானே சொல்லி எழுதுவித்தேன். மாமனாரும் அவருடைய தம்பிமார் இருவருமாக மூன்று ஆண்பிள்ளைகள். அங்கே தொடங்கி என் பேரப்பிள்ளைகள் வரை ஒரு எழுத்துப் பிழை இல்லை என்று எங்கள் ஊர் வட்டக்கச்சி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த மலரை யாரோ ஒருவர் வீட்டில் கண்டெடுத்துக்கொண்டுதான் இராமையா அவர்கள் என் வாசல் படலையடிக்கு வந்தார்.

"இதில மூணு பேருதான் இருக்கு, தங்கச்சி. மூத்தவரை விட்டுட்டீங்க. அவரு எங்க அப்பா."

அந்த மூத்தவர் மலைநாட்டுத் தோட்டமொன்றுக்கு வேலைக்குப் போய், அங்கே கொழுந்து பறித்த பெண்ணைக் கலியாணம் முடித்தாராம். அதோடு வீட்டில் அவர் பெயரையே எடுக்காமல் விட்டார்களாம். நான் நம்பவில்லை. கணவர் இல்லாத வீடு, வாய்க்கால் ஓரத்து வயல். ஆளுடைய பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சில்லை.

"எத்தினை ஏக்கர் வேணுமெண்டு நேரா சொல்லுங்கோவன்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஓமந்தையில இருக்கிற அரை ஏக்கர்லயே புல்லுப் புடுங்க முடியல. உங்க வயலையும் குடுத்து என்னைக் கொன்னுறாதீங்க."

தகப்பன், பாட்டன் பெயர் போட்ட தன் பிறப்புப் பத்திரத்தைக் காட்டினார். முத்திரை குத்திய கடதாசியை ஆரும் செய்விக்கலாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. என்னிடமிருந்த மலரை வாங்கி, மாமனாரின் பெயருக்கு முன்னால் தன் தகப்பனின் பெயரை எழுதினார்.

"பென்சில்லதான் எழுதுறேன், தங்கச்சி. பொய்யின்னு தெரிஞ்சா அழிச்சிருங்க."

அவர் போனபிறகு குசினிக்குள், அடுப்படியில் வந்து நின்றேன். ஆடி அமாவாசைக்கு என் மாமி, செத்துப்போன மாமனாருக்கும் அவர் தம்பிமாருக்குமென்று எப்போதும் நாலு இலை போட்டுப் படைப்பார். மூன்று பேருக்கு ஏன் நாலு இலை என்று நான் ஒருமுறை கேட்டேன். "போடெண்டால் போடு பிள்ளை, துருவித் துருவி விடுப்புக் கேளாதை" என்று வாயை அடைத்துவிட்டார். மாமிக்குப் பின் நானும் அவர்களுக்கு நாலு இலைதான் போட்டு வருகிறேன்.

இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. மகனை அரசாங்கக் காணிக் கந்தோருக்கு அனுப்பி, எங்கள் காணிக்கு எவரும் மனுப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பித்தேன். ஒருவருமில்லை. அப்படியும், அவர் பிறகு இடைக்கிடை வந்துபோன நாட்களில் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

அவர் அதைக் கண்டுவிட்டார். "எனக்கு வேண்டியது அலுமாரியில இல்ல. அப்பிடி ஒருத்தர் இருந்தாருன்னு இந்த வீட்டில ஒரு வார்த்தை சொன்னா போதும்."

கடைசியாக வந்தது இந்த ஆடி அமாவாசைக்கு மறுநாள். "நேத்து அப்பாவுக்கு விரதம் இருந்தேன்" என்றார். அதே அப்பாவுக்கு என் குசினியிலும் இலை போட்டிருந்தேன். ஓம், இருந்தார் என்று சொல்ல வாய் வந்தது. ஒத்துக்கொண்டால் பிறகு என்ன கேட்பாரோ என்று மனம் இழுத்தது. தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பினேன். அவர் எதையும் கேட்கவில்லை. இனி வரவும் மாட்டார்.

பெயரை அழிக்க இரண்டுமுறை ரப்பர் தேடியவள் நான். செய்தி வந்த அன்று பேனாவை எடுத்து, அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதினேன். இரண்டெழுத்துக் கோணிப்போயிற்று, இருக்கட்டும். அந்த மலர் என்னோடு இருக்கும்.

கணவரின் தமையன் என்று முறை சொல்லி அவரை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் வாசிக்க, இங்கே சொல்கிறேன்: ஓம் அத்தான், அப்படி ஒருவர் இருந்தார்.