சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே

கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் பழக ஆரம்பித்த நாட்களில் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே கிடையாது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடை. அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு டைப்ரைட்டிங் மட்டும்தான் தெரியும். டைப்ரைட்டரில் தட்டினால் எழுத்து விழும், அவ்வளவுதான். இங்கே எழுத ஒரு கருவி, எழுதியதை நகர்த்த இன்னொரு கருவி. அம்புக்குறியை வைத்துக்கொண்டு தட்டு தட்டென்று தட்டுவேன், ஒன்றும் விழாது. ஒரு எழுத்தைப் பிடித்து இழுத்தால் பத்தி முழுவதும் கூடவே வரும். தமிழில் அடித்தது ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஃபாண்ட்டை மாற்றினால் தமிழாகிவிடும். ஏன் என்று கேட்டால் கடை முதலாளி, "அது அப்டித்தான் கீது, நீ வேலயப் பாரும்மா" என்பார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இந்த லட்சணத்தில், அக்காவின் கல்யாணப் பத்திரிகையை நானே செய்கிறேன் என்று வீட்டில் வாயை விட்டுவிட்டேன். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பத்திரிகையைக் கையில் வாங்கினால் மாப்பிள்ளை பெண் பேரைப் பார்க்க மாட்டார்கள். அடியில் வரும் சொந்தக்காரர் பேர்களைத்தான் முதலில் படிப்பார்கள். பேர் இல்லாதவர் கல்யாணத்துக்கு வர மாட்டார்.

சித்தப்பா பேரைப் போடுவதா வேண்டாமா என்பதுதான் வீட்டில் பெரிய கேள்வி. தாத்தாவின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்குவது யார் என்று கல்லறை வாசலில் ஆரம்பித்த சண்டை. அன்றிலிருந்து அப்பாவும் அவர் தம்பியும் பேசுவதில்லை. அக்காவைத் தோளில் போட்டு வளர்த்தவர் சித்தப்பா. அவர் வராமல் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அவள் அழுதுகொண்டிருந்தாள். ஒரு நாள் காலை, துறைமுகத்து ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் பேரயும் போட்டுடு."

போட்டேன், எல்லாருக்கும் கடைசியாக. அந்த ஒரு வரி கூடியதும் பேர்கள் பூ பார்டர் மேல் ஏறி நின்றன. பத்தியின் அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தள்ளினேன். பார்டர் தெளிவாகிவிட்டது. ஆனால் அடியில் சிவப்பாக ஒரு தலைகீழ் முக்கோணம் முளைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சுவரில் வரைந்திருப்பார்களே, அதேதான். கல்யாணப் பத்திரிகையில் இதென்ன கூத்து என்று முதலாளியைக் கேட்டேன். "பிரிண்ட்ல வராது, கண்டுக்காத" என்றார். அது வராது என்பது உண்மைதான். முழுப் பக்கமாக வைத்துப் பார்த்தால் பேர்களெல்லாம் வெறும் சாம்பல் கோடுகளாகத் தெரியும். அதில் ஒரு கோடு குறைந்ததை நான் எங்கே கண்டேன்.

புரூஃபை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. "சரியா கீது, அடிச்சுடு" என்றார்.

பத்திரிகை அச்சாகி வந்தது. அம்மா காசிமேட்டுக்குப் போய் சித்தப்பா வீட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் மீன் ஏலம் முடிந்த கையோடு, வாடை போகாத லுங்கியோடு சித்தப்பா கடைக்குள் வந்து நின்றார். பத்திரிகையை என் கீபோர்டு மேல் போட்டார்.

"எம் பேரு எங்கம்மா? வூடு தேடி வந்து அசிங்கப்படுத்தறீங்களா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கையால் அடித்த பேர். ஃபைலைத் திறந்து அங்கேயும் இங்கேயும் கிளிக் செய்தேன். அந்த முக்கோணம் மறுபடியும் தெரிந்தது. வேறு எதுவும் தோன்றாமல் அதைப் பிடித்துக் கீழே இழுத்தேன். சுருட்டிய பாய் விரிகிற மாதிரி அடி இறங்கியது. சித்தப்பாவின் பேர் பார்டர் மேல் வந்து நின்றது.

அவர் குனிந்து திரையில் தன் பேரை வாசித்தார்.

"உள்ளதான் இருந்துகீதா?"

"ஆமா சித்தப்பா. சத்தியமா எனக்கே தெரியல."

"அடிக்கறதுக்கு முன்னாடி உங்கப்பன் படிச்சுப் பாத்தானா?"

கடைசி வரியில் நின்ற அப்பாவின் விரல் ஞாபகம் வந்தது. பயமாக இருந்தது. ஆமாம் என்று சொன்னால் இவர் வர மாட்டார், அக்கா கோயில் வாசலிலேயே நிற்பாள்.

"இல்ல. அப்பா பாக்கவே இல்ல" என்றேன்.

சித்தப்பா பத்திரிகையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அண்ணனாண்ட சொல்லு. விருந்துக்கு மீனு நான் எறக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவிடம், "பத்திரிகைல ஒரு பேரு வுட்டுப் போச்சுப்பா" என்றேன்.

எந்தப் பேர் என்று அவர் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வந்து கேட்டானா?"

"கேட்டாரு. நீங்க படிச்சே பாக்கலன்னு சொல்லிட்டேன்."

மாட்டிய சட்டையைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மாவக் கூப்புடு, காசிமேடு வரிக்கும் போய்ட்டு வரணும்" என்றார்.