காந்தத்தைத் திருப்பிய பிறகும்

மகளின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கான அறிவிப்பில் ‘அனைவரும் வரலாம்’ என்று போட்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்த என் கணவர், அதை அப்படியே நம்பி, உடுமலைப்பேட்டையிலிருந்து தன் அக்கா குடும்பத்தை வேனில் அழைத்துவந்துவிட்டார். பின்வரிசை முழுக்கப் பட்டுப்புடவை.

“ஏன் கண்ணு, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எந்தப் பக்கம்?” என்றார் அந்த அக்கா.

“சும்மா இருங்கக்கா, இது பரீட்சை,” என்றார் கணவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று சென்னையிலிருந்து தேர்வாளராக வந்திருந்தவர்தான், முன்பொரு கருத்தரங்கில் “உன் கருவியில் கோளாறு” என்று மகளைப் பாதிப் பேச்சில் உட்காரவைத்தவர். இன்றும் அதையே சொன்னால் பட்டம் கிடையாது. அதுவும் ஒரு வேன் சொந்தங்களுக்கு முன்னால்.

அவள் விளக்கினாள். ஈய அணுக்கருக்கள் இரண்டு, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், ஓரமாக மோதுகின்றன. மோதலில் சிக்காத மிச்சங்கள் நேராகப் பறக்கின்றன. அவற்றின் நேர்மின்சுமை, மோதலில் பிறக்கும் பையான் துகள்களில் நேர்மின்சுமை கொண்டவற்றை விலக்கும். எதிர்மின்சுமை கொண்டவற்றை இழுக்கும். ஆகவே மிச்சங்களின் வேகத்திலேயே உடன் போகும் நேர் பையான்கள் குறையும். நேர் பையான்களை இடது பக்கமும் எதிர் பையான்களை வலது பக்கமும் காந்தம் வளைத்து அனுப்பும் அவள் கருவியில், நேர் பையான்கள் குறைந்திருந்தன.

“உன் கருவியின் இடது பக்கம் பழுதா இருந்தாலும் குறையுமே?” என்றார் தேர்வாளர்.

அதுவரை ஆங்கிலத்தில் பேசியவள் சட்டென ஊர்த் தமிழுக்கு வந்துவிட்டாள்.

“காந்தத்துல கரண்டைத் திருப்பி விட்டும் பாத்தோமுங்க சார். அப்ப நேர் பையான் வலது பக்கம் போயிரும், எதிர் பையான் இடது பக்கம் வரும். கருவி பழுதுன்னா எதிர் பையான்தானுங்க குறையணும்? குறையலீங்க. அப்பவும் நேர் பையான்தானுங்க குறைஞ்சுது.”

தேர்வாளர் எழுந்துபோய், அவளுடைய இரண்டு ஒளிபுகும் தாள்களையும் சுவரில் படம் காட்டும் விளக்கின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். காந்தத்தைத் திருப்பும் முன் ஒன்று, திருப்பிய பின் ஒன்று எனச் சுவரில் இரண்டு கோடுகள் தெரிந்தன. இரண்டும் ஒரே இடத்தில் பள்ளமாக இறங்கி, ஒரே கோடாகப் படிந்தன. அவர் மகளைப் பார்த்துத் திரும்பினார்.

“கருவி சரியாத்தான் இருக்கு. அன்னிக்கு நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

பின்வரிசை படபடவென்று கைதட்டியது.

“இன்னும் முடிவு சொல்லலைங்க,” என்றார் அவர்.

“நீங்க சொல்லுங்க சாமி, நாங்க தட்டிக்கிட்டே இருக்கறோமுங்க,” என்றார் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். மகளிடம் கை நீட்டி, “வாங்க, டாக்டர்” என்றார்.

என்னால் கைதட்ட முடியவில்லை. என் இரண்டு கைகளையும் கணவர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.