காப்பு அவிழ்த்த கையோடு

மகளின் மேசையில் கிடந்த இளஞ்சிவப்புச் சாமானை நான் பென்டிரைவ் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் செருகுகிற முனை இருந்தது; வேறென்ன நினைப்பது? கோயில் திருவிழா நோட்டீஸை அதில் ஏற்றித் தரும்படி மாத்தளை டவுனில் ஒரு பிரிண்ட் கடையில் நீட்டினேன். அங்கிருந்த இளம்பெண் முகர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், இது வேப், சிகரெட் மாதிரி இழுக்கிறது. மாம்பழ வாசம். உங்களோடதா?"

"என்னோடதுதான்" என்றேன். மகளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. நெற்றியில் திருநீறோடு மாம்பழப் புகை விடும் அரசாங்க உத்தியோகத்தன் என்ற புகழ் அன்று மாலைக்குள் உக்குவளை வரை போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "இது ஒடம்புக்கு…"

"ஒங்க வாயில ஏலக்கா மணக்குதுப்பா" என்றாள் மகள்.

இருபது வருடமாகக் கொல்லையில் சிகரெட் பிடித்துவிட்டு, ஏலக்காய் மென்றபடி உள்ளே வருகிறவன் நான். யாருக்கும் தெரியாது என்று நம்பிய ஒரே ஆளும் நான்தான்.

பிறகு அவள் அழுதாள்.

"வெறும் ஆவின்னு நெனச்சுத்தாம்பா கூட்டாளிகளோட இழுத்தேன். இப்ப பாடத்துக்கு நடுவுலயே அது இல்லாம இருக்க முடியல. பாத்ரூம்னு பொய் சொல்லிட்டு ஓடிப்போய் இழுக்கிறேன். மூணு தடவ குப்பையில போட்டேன். மூணு தடவையும் நானே போய் பொறுக்கிட்டு வந்தேன். ஓ.எல். பரீட்சையில மூணு மணித்தியாலம் எப்பிடிப்பா உக்காருவேன்?"

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். வருடா வருடம் மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், அவிழ்க்கும்வரை சிகரெட்டைத் தொடமாட்டேன்.

"அவுத்த கையோட பெட்டிக்கடைக்கு ஓடுவீங்களே, அதுவும் தெரியும்" என்றாள். "எனக்கும் கட்டுங்க. ஆனா இந்த வருசம் நீங்க கடைக்குப் போனா நானும் பழையபடிதான்."

இரண்டு மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு ஏறியது. வேப்பை நானே சுத்தியலால் உடைத்தேன். முதல் அடி என் விரலில். நான்காம் நாள் அவள் சோற்றுத் தட்டோடு சண்டை போட்டாள், நான் மின்விசிறியோடு.

"ரெண்டு பேரையும் தேர்ல கட்டி இழுக்கணும்" என்றாள் மனைவி.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு மட்டும்" என்று மகள் கெஞ்சும்போதெல்லாம், "எனக்கும்தான் வேணும், செருப்பப் போடு" என்பேன். அலுவிகாரை வரை நடந்து திரும்புவோம். பேச்சே இருக்காது. இருந்தால் அடிதடியாகியிருக்கும்.

காப்பு அவிழ்த்த அன்று என் கால்கள் தாமாகவே கடைக்குப் போய்விட்டன. கடைக்காரர் கேட்காமலே ஒரு சிகரெட்டை உருவி நீட்டினார். பக்கத்தில் மகள். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"இஞ்சி டொபி ரெண்டு" என்றேன். கடைக்காரர் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரம் ஓ.எல். கணக்குப் பரீட்சை. பாடசாலை வாசலில் பெற்றோர் கூட்டத்தில் டொபியைக் கடித்துக்கொண்டு நின்றேன். மணி அடித்ததும் அவள் படியிறங்கி ஓடி வந்தாள். தூரத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள்:

"அப்பா! நான் பாத்ரூமே போகல!"

அத்தனை பெற்றோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைதட்டினேன்.